விண்ணை நோக்கி விழித்திருந்த இரவு



விளைந்த நிலத்தை அறுவடை செய்யாமல் விட்டு, கடையைப் பூட்டி, கொடுக்கவேண்டிய கடன்களைக் கொடுத்து முடித்து, குடும்பத்தோடு ஒன்றுகூடி, பொழுது சாய்ந்தது முதல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த மக்களைப்பற்றி நீங்கள் கேள்வியுற்றதுண்டா? அவர்கள் பைத்தியக்காரர் அல்லர். பெரும்பாலும் உழைத்துண்ணும் குடியானவர். வேதாகமத்தை நாள்தோறும் ஓதுவோர். அயலவரால் நல்லவர் என மதிக்கப்பட்டவர். 1844ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 22ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, கிறிஸ்துநாதர் மேகங்கள்மீது எழுந்தருளுவார் என்றும், அன்றோடு இவ்வுலகின் கதை முடிந்துவிடும் என்றும் அவர்கள் ஐயமின்றி நம்பினார்கள். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலே அவ்விரவில் விழித்திருந்தோர் பல்லாயிரவர்.

நள்ளிரவு வந்தது, போயிற்று. கிழக்கு வெளுத்தது. வழக்கம்போலச் சூரியன் உதித்தான்.

உலக முடிவுபற்றியும், விசுவாசிகள் வானுக்கு எடுத்துக்கொள்ளப்படுவர் என்பதுபற்றியும் கிறிஸ்தவர்களிடையே வழங்கும் கருத்துக்கள் பல. அவை ஒன்றோடொன்று முரண்படுவனவும் உண்டு. அவற்றைக் கேட்டு அஞ்சுகின்ற பிள்ளைகளும், கேட்டு நகைக்கின்ற பெரியோரும் எங்குமுளர். அஞ்சுவதற்கும் நகைப்பதற்கும் முன்னர் விடயத்தை அறிந்துகொள்வது நன்றன்றோ? ஆகவே, அந்த ஒக்டோபர் இரவிலிருந்து இவ்வாரம் தொடங்குவோம்.

குடியானவரின் கணக்கு

அந்நாளைக் குறிக்கும் கணக்கிற்கு அடிகோலியவர் வில்லியம் மில்லர் என்பவர். 1782ஆம் ஆண்டு மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலே பிறந்து, நியூயோர்க் மாநிலத்தின் எல்லைப்புறக் கிராமமாகிய லோ ஹம்ரனிலே வளர்ந்தவர். பள்ளிப் படிப்புச் சொற்பம். வாசிக்கும் ஆசையோ பெரிது. இளமையில் வோல்ற்றயர், ஹியூம் முதலியோரின் நூல்களைக் கற்று, கடவுள் உலகைப் படைத்ததோடு அதனை அதன் போக்கிலே விட்டுவிட்டார் என்னும் கொள்கையினரானார். 1812இல் மூண்ட போரிலே அமெரிக்கப் படையிற் சேர்ந்து கப்டன் பதவி வகித்தார். 1814ஆம் ஆண்டு பிளாற்ஸ்பேர்க் என்னுமிடத்தில் நிகழ்ந்த போரிலே, அனுபவம் மிக்க பிரித்தானியப் படை தோற்றுப் பின்வாங்கியதைக் கண்ணாரக் கண்டார். எதிர்பாராத அவ்வெற்றி அவருடைய மனத்தை உலுக்கிற்று. மனிதர் விவகாரத்திலே கடவுள் தலையிடுவதில்லை என்ற எண்ணம் தளர்ந்தது. 1816இல் அவர் மீண்டும் கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் திரும்பினார்.

அந்த 1816ஆம் ஆண்டு நமக்கும் புதிதன்று. அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்திலே தமது பணியைத் தொடங்கிய ஆண்டு அதுவே. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும், 'உதயதாரகை' 1841இலும் அவர்கள் முயற்சியால் தோன்றின. அக்காலத்து அமெரிக்கத் திருச்சபைகளில் எழுந்த ஒரே சமய எழுச்சி, சிலரைக் கடல் கடந்து பள்ளிக்கூடம் கட்டச் செய்தது. வேறு சிலரை ஊரிலேயே இருந்து உலகின் இறுதி நாட்களை எண்ணச் செய்தது.

பழைய நண்பர்கள் மில்லரைச் சும்மா விடவில்லை. வேதாகமத்திலே காணப்படும் முரண்பாடுகளை எடுத்துக்காட்டி எள்ளினர். அவற்றுக்கு விடை காண்பேன் என்று உறுதிபூண்ட மில்லர், வேதாகமத்தையும், அதிலுள்ள சொற்களுக்கு அகராதி போன்ற ஒரு துணைநூலையும் எடுத்துவைத்துக்கொண்டு, ஆதியாகமம் தொடங்கி வசனம் வசனமாக ஆராயத் தலைப்பட்டார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழிந்தன. தானியேலின் புத்தகத்திலே 8ஆம் அதிகாரத்தில் அவருடைய சிந்தை நிலைத்துவிட்டது. 2,300 இராப்பகல் சென்றபின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்று அங்கே கூறப்பட்டிருக்கிறது.

தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்பது ஓர் ஆண்டைக் குறிக்கும் என்று மில்லர் கொண்டார். பரிசுத்த ஸ்தலம் என்பது இப்பூமி என்றும், சுத்திகரிப்பு என்பது கிறிஸ்துவின் வருகையால் நிகழும் அக்கினிச் சுத்திகரிப்பு என்றும் பொருள் செய்தார். எருசலேமைப்பற்றிப் பாரசீக மன்னன் அர்தசஷ்டா கட்டளை பிறப்பித்த ஆண்டாகிய கி. மு. 457ஐத் தொடக்கமாக வைத்தார். 2,300இலிருந்து 457ஐக் கழித்தால் எஞ்சுவது 1843. ஏறக்குறைய அவ்வாண்டிலே யாவும் முடிவுறும் என்பது 1818இல் அவர் கண்ட முடிவு.

கழித்தலில் யாதும் பிழையில்லை. கணக்கு எவ்வளவு செம்மையாயினும், அதன் அடியிலே வைத்த எடுகோள்கள் நான்கில் ஒன்று பிழைத்தாலும் விடை பிழைத்துவிடும் என்பதை மாணவர்கள் இங்கே கருத்திற் கொள்வார்களாக.

பதின்மூன்று ஆண்டு மௌனம்

தாம் கண்டதை மில்லர் உடனே பறைசாற்றவில்லை. தவறியிருக்கலாமோ என்னும் அச்சம் அவரை வருத்திற்று. சொல்லாதிருந்தால் அழியும் உயிர்களுக்குத் தாமே பொறுப்பாவோமே என்னும் அச்சமும் அவ்வாறே வருத்திற்று. இவ்விரண்டிற்குமிடையே பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1831ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள், யாரேனும் வந்து பேசும்படி அழைத்தால் மட்டுமே போவேன் என்று கடவுளோடு பொருத்தம் செய்துகொண்டார். அழைப்பார் எவருமிரார் என்பது அவருடைய எண்ணம். அரைமணி நேரத்துள் அவருடைய சகோதரியின் மகன் வந்து, தங்கள் ஊராகிய டிறெஸ்டனிலே பேச வரவேண்டும் என்று அழைத்தானாம். மில்லர் சினத்தோடு எழுந்து வீட்டிற்கு அருகேயுள்ள தோப்பினுட் புகுந்து, அங்கே நெடுநேரம் மன்றாடியபின், அழைப்பிற்கு இணங்கினார் என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஐம்பதை அணுகிய வயதிலே தொடங்கிய அப்பிரசங்கம் பின்னர் ஓயவேயில்லை. 1833ஆம் ஆண்டு நவம்பரில் விண்மீன்கள் மழைபோற் சொரிந்த காட்சி அமெரிக்க மக்களைத் திகைப்பித்தது. 1843இன் தொடக்கத்தில் பகலிலும் தெரியக்கூடிய பெரிய வால்வெள்ளி ஒன்று தோன்றிற்று. இவை யாவும் அடையாளங்கள் என மக்கள் கொண்டனர். பொஸ்ரன் நகரத்துப் போதகராகிய யோசுவா ஹைம்ஸ் என்பவர் 1840இலே பத்திரிகை தொடங்கி மில்லரின் கருத்தை நாடெங்கும் பரப்பினார். அச்சுயந்திரமும், பெருங்கூடாரங்களும், சுவரில் தொங்கவிடப்பட்ட படங்களும் சேர்ந்து, ஒரு குடியானவரின் தனிக்கணக்கைப் பேரியக்கமாக்கின. அவ்வியக்கத்தைச் சார்ந்தோர் 50,000 முதல் 1,00,000 வரையில் இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் கணிப்பர்.

மில்லர் முதலிற் குறித்தது ஒரு நாளையன்று. 1843ஆம் ஆண்டு மார்ச் 21 முதல் 1844ஆம் ஆண்டு மார்ச் 21 வரையுள்ள ஓராண்டையே குறித்தார். அவ்வாண்டு கழிந்தது, ஒன்றும் நிகழவில்லை. மில்லர் தாம் தவறியதை ஒப்புக்கொண்டார். ஆனால் இயக்கம் அங்கே நிற்கவில்லை. கி. மு. 1க்கும் கி. பி. 1க்கும் இடையே சுழியம் என்றோர் ஆண்டு இல்லை. ஆதலால் 1843 அன்று, 1844 என்பதே சரியான விடை என்றனர். அவ்வாண்டு ஓகஸ்டில் நியூ ஹம்ஷயர் மாநிலத்து எக்ஸிற்றர் என்னுமிடத்திற் கூடிய முகாம் கூட்டத்திலே சாமுவேல் ஸ்னோ என்பவர், யூதரின் ஏழாம் மாதம் பத்தாம் நாளாகிய பாவநிவாரண நாளிலேயே கிறிஸ்து வருவார் என்றும், அது ஒக்டோபர் 22 என்றும் எடுத்துரைத்தார். காய்ந்த புல்லிலே தீப்பற்றியதுபோல அத்திகதி பரவிற்று. மில்லரோ தயங்கினார். ஒக்டோபர் மாதம் பிறந்த பின்னரே, தம்மைச் சூழ்ந்தோரின் உறுதியைக் கண்டு, அவரும் இணங்கினார். தாம் மூட்டிய தீயை இறுதியில் தாமே பின்தொடர்ந்தார் எனலாம்.

மறுநாட் காலை

விசுவாசிகள் வெள்ளை அங்கி தரித்து வீட்டுக் கூரைகள்மீது ஏறி நின்றார்கள் என்றொரு கதை பின்னாளிலே பரவிற்று. ஆராய்ந்தோர் அதற்கு ஆதாரம் இல்லை என்கின்றனர். பரிகசிப்போர் புனைந்தது போலும். உண்மையில் நடந்தது அதனினும் எளியது, அதனினும் துயரமானது. வீடுகளிலும் மண்டபங்களிலும் கூடிச் செபித்துக்கொண்டிருந்தார்கள். போட் கிப்சன் என்னும் ஊரைச் சேர்ந்த ஹைறம் எட்சன் என்ற குடியானவர், நள்ளிரவு கழிந்தபின் தாமும் தம்மோடிருந்தோரும் விடியும்வரை அழுதுகொண்டிருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். காலையிலே, மனமுடைந்த மற்றையோரைத் தேற்றுவதற்காக ஒரு நண்பரோடு புறப்பட்டபோது, தெருவழியே செல்லாமல் வயலின் குறுக்கே நடந்தார்.

ஏன் வயலின் குறுக்கே? தெருவிலே சென்றால் ஏளனம் செய்வோரின் முகங்களைக் காணவேண்டுமே! இறந்துபோன குழந்தையை, தாயை, கணவனை அன்றே மீண்டும் காண்போம் என்று நம்பியிருந்தவர்கள் அவர்கள். அந்நம்பிக்கை ஓரிரவிலே பறிபோன பின்பு, முற்றத்தில் நிற்கும் மாட்டுக்குத் தீனி வைக்கவேண்டும். பிள்ளைக்கு உணவு தேடவேண்டும். நகைப்பவர்களின் கடையிலே சாமான் வாங்கவேண்டும். சில ஊர்களில் அவர்கள் கூடிய மண்டபங்கள் தாக்கப்பட்டன. வரலாற்றிலே அந்நாளுக்கு 'பெரும் ஏமாற்றம்' என்றே பெயர்.

நியூ ஹம்ஷயரிலே லெனாட் ஹேஸ்ரிங்ஸ் என்பவர், உலகம் முடியப்போகிறதே என்று தமது உருளைக்கிழங்கைத் தோண்டாமலே விட்டிருந்தாராம். அவ்விலையுதிர் காலத்தில் முன்னதாகத் தோண்டிச் சேமித்தோரின் கிழங்கு நோய்ப்பட்டு அழுக, மண்ணுள் இருந்த இவருடைய கிழங்கு தப்பி, பின்னர் நல்ல விலைக்குப் போயிற்று என்று அவ்வியக்கத்தின் வரலாற்றிற் சொல்லப்படுகிறது. இனிய கதைதான். ஆனால் எல்லாருடைய வயலும் அவ்வாறு காக்கப்படவில்லை.

மில்லர் தாம் குறித்த காலம் பிழைத்தது என்று 1845இல் வெளிப்படையாக எழுதினார். கிறிஸ்து வருவார் என்ற நம்பிக்கையை மட்டும் அவர் கைவிடவில்லை. தம் ஊர்ச் சபையிலிருந்து விலக்கப்பட்டு, கண்ணொளி மங்கி, 1849ஆம் ஆண்டு டிசம்பரிலே காலமானார். அவரைப் பின்பற்றியோருள் ஒரு பகுதியினர், ஒக்டோபர் 22இலே நிகழ்ந்தது பூமியிலன்று, பரலோகத்திலே என்று புதுப்பொருள் கண்டனர். அவர்களிலிருந்தே 1863இல் ஏழாம்நாள் அட்வென்ரிஸ்ற் திருச்சபை அமைப்புப் பெற்றது. அச்சபை அதன்பின் வருகைக்கு நாள் குறிப்பதில்லை.

'இரகசிய வருகை' வந்த வழி

மில்லர் கற்பித்தது ஒரே வருகை. எல்லாரும் காணத்தக்க வருகை. இக்காலத்திலே பல சபைகளிற் பேசப்படும் 'இரகசிய வருகை' வேறொரு வழியாக வந்தது. அயர்லாந்திலே ஆங்கிலிக்கன் குருவாயிருந்து, பின்பு 'சகோதரர் சபை' என வழங்கும் கூட்டத்தின் தலைவர்களுள் ஒருவரான யோன் நெல்சன் டார்பி (1800-1882) என்பவரே அதனை ஒழுங்குபடுத்திப் பரப்பியவர். கிறிஸ்துவின் வருகை இரண்டு படிகளையுடையது என்றார் அவர். முதலிலே விசுவாசிகள் மட்டும் திடீரென எடுத்துக்கொள்ளப்படுவர். அதன்பின் பூமியிலே மகா உபத்திரவ காலம். அதன் முடிவிலே கிறிஸ்து யாவரும் காண வந்து ஆயிரவருட அரசாட்சியை நிறுவுவார். இதுவே அவருடைய போதனையின் சாரம்.

டார்பி பலமுறை வட அமெரிக்கா சென்று போதித்தார். 1909ஆம் ஆண்டு ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ஸ்கோபீல்ட் வேதாகமம், இக்கொள்கையை வேதவசனங்களின் கீழ்க்குறிப்புகளாகவே அச்சிட்டது. மூலம் எது, குறிப்பு எது எனப் பிரித்தறியாமற் படித்தோர் பலர். பின்பு இரு உலகப் போர்களும், 1948இல் இஸ்ரவேல் நாடு தோன்றியமையும், அணுகுண்டும் அக்கொள்கைக்கு வலுவூட்டின. 1970இலே ஹால் லின்ட்சி எழுதிய நூல் அமெரிக்காவிற் பெருந்தொகையாக விற்பனையாயிற்று. 1995 முதல் 2007 வரை பதினாறு தொகுதிகளாக வெளிவந்த நாவல் வரிசையொன்று, எடுத்துக்கொள்ளப்படாமல் விடப்பட்டோரின் கதையை வீடுதோறும் கொண்டுசென்றது.

ஆயினும் கிறிஸ்தவர் அனைவரும் இதனை ஏற்பதில்லை. கிறிஸ்து மீண்டும் வந்து உயிருள்ளோரையும் இறந்தோரையும் நியாயந்தீர்ப்பார் என்பது எல்லாருக்கும் பொதுவான விசுவாச அறிக்கை. ஆயிரவருடம் என்பதை அப்படியே காலக்கணக்காகக் கொள்வோரும் உளர். நற்செய்தி பரவிப் பூமியில் நீதி தழைத்த பின்னரே கிறிஸ்து வருவார் என்போரும் உளர். அத்தொகையை உருவகமாகக் கொண்டு, அது திருச்சபையின் காலமே எனக் கூறுவோரும் உளர். ஐந்தாம் நூற்றாண்டிலே அகுஸ்தீனார் கொண்ட கருத்து இது. கத்தோலிக்கத் திருச்சபை இரகசிய வருகையைப் போதிப்பதில்லை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளும் அதனைத் தம் கோட்பாடாகக் கொள்வதில்லை.

ஆறுதலாக எழுதப்பட்ட கடிதம்

எடுத்துக்கொள்ளப்படுதல் என்னும் கருத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் முதன்மையான வசனம், பவுல் அப்போஸ்தலர் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதற் கடிதத்தின் 4ஆம் அதிகாரத்திலுள்ளது. ஏறக்குறைய கி. பி. 50ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட அக்கடிதம் எதற்காக எழுதப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

கிறிஸ்து விரைவில் வருவார் என நம்பியிருந்த அச்சிறு சபையிலே சிலர் இறந்துபோயினர். அவர் வரும்போது இவர்கள் இல்லையே, இவர்களுக்கு அப்பாக்கியம் தவறிவிட்டதோ என்று உறவினர் கலங்கினர். அக்கலக்கத்தைத் தீர்க்கவே பவுல் எழுதினார். இறந்தோர் முதலில் எழுந்திருப்பர், உயிரோடிருப்போர் அவர்களோடு சேர்ந்து ஆண்டவரை எதிர்கொள்ளச் செல்வர், அதன்பின் பிரிவில்லை. இவ்வாறு கூறியபின், இவ்வார்த்தைகளைக்கொண்டு ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடிக்கிறார். 'எதிர்கொள்ளல்' என்று அங்கே வரும் கிரேக்கச் சொல், நகருக்கு வரும் அரசனை மக்கள் வெளியே சென்று வரவேற்று அழைத்துவருவதைக் குறிக்கும் என்பர் அறிஞர் சிலர். பெரியோர் வந்தால் ஊரெல்லைவரை சென்று மேளதாளத்தோடு அழைத்துவரும் வழக்கமுள்ள நமக்கு அது விளங்காததன்று.

சாவீட்டிலே சொல்லவேண்டிய ஆறுதல் மொழி அது. அம்மொழியையே எடுத்து, நீ விடப்படுவாய், உன் தாய் மறைந்துபோவாள், நீ மட்டும் தனித்திருப்பாய் என்று பாலகரை மிரட்டுதற்குப் பயன்படுத்துவது எவ்வளவு பெரிய மாறாட்டம்! இரவில் விழித்து, தாய் பக்கத்திலே இருக்கிறாளா என்று தடவிப்பார்க்கும் பிள்ளைக்கு அவ்வசனம் எழுதப்படவில்லை. தாயை இழந்து அழும் பிள்ளைக்கே எழுதப்பட்டது.

இரண்டாம் கடிதத்திலே பவுல் மேலும் ஒன்று சொல்கிறார். நாள் வந்துவிட்டதாக யாரேனும் சொன்னாற் கலங்கவேண்டாம் என்கிறார். வேலை செய்யாது திரிவோரைக் கண்டித்து, அமைதியாக உழைத்துச் சொந்த உணவை உண்ணும்படி கட்டளையிடுகிறார். மத்தேயுவின் சுவிசேஷத்தில், அந்நாளையும் நாழிகையையும் பிதாவையன்றி ஒருவரும் அறியார் என்று இயேசுநாதரே கூறியதாக எழுதப்பட்டிருக்கிறது. இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட பின்னும் நாள் குறிப்போர் ஒழிந்தாரில்லை. கலிபோர்ணியாவில் வானொலி நிலையம் நடத்திய ஹறோல்ட் கம்பிங் என்பவர் 2011ஆம் ஆண்டு மே 21ஐக் குறித்தார். ஓய்வுபெற்ற ஒருவர் தமது சேமிப்பிலிருந்து 1,40,000 டொலரை அச்செய்தியின் விளம்பரத்துக்குச் செலவிட்டார் எனப் பத்திரிகைகள் எழுதின. நாள் கழிந்தது. மறு ஆண்டிலே கம்பிங், நாள் குறித்தது பாவமென ஒப்புக்கொண்டார், 2013இற் காலமானார்.

விழித்திருத்தல் எது?

மில்லரைப் பின்பற்றியோரைப் பார்த்து நகைத்தல் எளிது. நாம் நகைக்கவேண்டாம். தாம் நம்பியதற்காகத் தமது விளைச்சலையே பணயம் வைத்தார்கள்; கடனைத் தீர்த்தார்கள்; பகைவரோடு ஒப்புரவானார்கள். உலகம் முடியாவிடினும் செய்யத்தக்க காரியங்களன்றோ அவை? அவர்கள் தவறியது, அறியக்கூடாது என்று சொல்லப்பட்ட ஒன்றை அறிந்துவிட்டோம் என்று எண்ணியதிலேதான்.

நாள் அறியாமை என்பது கிறிஸ்தவருக்கு மட்டும் உரிய நிலையன்று. நம்முள் எவருக்கும் தம் இறுதி நாள் தெரியாது. தெரியாமையால் நாம் உழாமலிருக்கிறோமா? தென்னம்பிள்ளை நடும் கிழவர், அதன் இளநீரைத் தாம் பருகுவோம் என்று உறுதிப்பாடு பெற்றா நடுகிறார்? உலகம் நாளை முடியுமாயின் இன்று பாடம் படிப்பதனால் என்ன பயன் என்று கேட்கும் மாணவன், உலகம் நாளையும் இருக்குமாயின் படியாதிருந்ததனால் என்ன பயன் என்பதையும் கேட்டுப் பார்க்கட்டும்.

வீடுகளிலே பிள்ளைகள் இதுபற்றிக் கேட்டால் பெற்றோர் வாயடைக்க வேண்டாம்; வெருட்டவும் வேண்டாம். நம்புவோர் எதை நம்புகிறார்கள், ஏன் நம்புகிறார்கள் என்பதை அமைதியாகச் சொல்லுங்கள். பிறர் குறித்த நாட்கள் எத்தனை வந்து எத்தனை கழிந்தன என்பதையும் சொல்லுங்கள். உறங்கப் போகுமுன் பிள்ளையின் தலையைத் தடவி, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

ஹைறம் எட்சன் அந்த மறுநாட் காலையிலே வயலின் குறுக்கே நடந்தது தம் துயரத்தை மறைக்கமட்டுமன்று. தம்மைப்போல் அழுதுகொண்டிருந்த அயலாரைத் தேற்றுவதற்குமாகும். விண்ணை நோக்கி விழித்திருந்த இரவு பொய்த்தது. விடிந்தபின் அவர் நடந்த அந்நடை பொய்க்கவில்லை.